பூட்டினது கடையில்ல, கொப்பி

"கொரோனாவுக்குப் பிறகு டவுன் செத்துப் போச்சு." மாத்தளையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. சலூன்ல, ஆட்டோ ஸ்டாண்ட்ல, கோயில் வாசல்ல, எங்க போனாலும் இதே வசனம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு சனிக்கிழமை காலையில் பிரதான வீதியில் நடந்து பாருங்க. முத்துமாரியம்மன் கோயில் பக்கமிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தோள் இடிபடாமல் போக முடியாது. பூட்டின கடைகளும் இருக்குதான், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒரு கடை பூட்டின இடத்தில் ஆறு மாசத்துக்குள்ள போன் கவர் விற்கிற கடை ஒன்று வந்துடுது. ஷட்டர்களை எண்ணிப் பார்த்தால் டவுன் உயிரோடுதான் இருக்கு.

அப்ப ஏன் எல்லாருக்கும் செத்துப்போன மாதிரி தெரியுது? இந்தக் கேள்வியோட கொஞ்ச நாளா சுத்திக்கிட்டிருக்கேன். கெம்பஸ்ல ஒரு பாடத்துக்காக எங்க ஊர்க் கடைகளைப் பற்றி எழுத வேண்டி வந்தப்போதான் இது மண்டைக்குள்ள ஏறினது. எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: மாறினது கடைகளின் எண்ணிக்கை இல்லை, கடன். இன்னும் சரியாச் சொன்னா, கணக்குக் கொப்பி.

தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவங்களுக்குக் கொப்பியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவங்களுக்காகச் சொல்றேன். பலசரக்குக் கடையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கொப்பி இருக்கும். எண்பது பக்க சீ.ஆர். கொப்பி, அட்டையில் பெயர். பெயர்னா முழுப்பெயர் இல்ல, "மேல் டிவிசன் ராணி", "பத்தாம் லயம் பெரியவர்" மாதிரி. மாசம் முழுக்க அரிசி, மா, பருப்பு, கருவாடு, தேங்காய் எண்ணெய்னு எழுதிக்கிட்டே போவாங்க. சம்பளத் தேதிக்கு வந்து கணக்குத் தீர்ப்பாங்க, அல்லது பாதி தீர்ப்பாங்க. மீதி அடுத்த மாசத்துப் பக்கத்தின் முதல் வரியாகும். சுவரில் "கடன் அன்பை முறிக்கும்"னு எழுதின படம் தொங்கும். அதுக்குக் கீழேயே உட்கார்ந்து முதலாளி கடன் எழுதுவார். சின்ன வயசில் அது எனக்குப் பெரிய பகிடியா இருந்தது.

இப்போ அதே சுவரில் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. படத்தைக் காணோம். கடனும் இல்லை.

இது எப்படி நடந்ததுன்னு பார்த்தா, கொரோனாவே நேரடியா கொப்பியை மூடல. 2020 மார்ச் 20ஆம் தேதி மாலை 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டாங்க. அந்த முதல் அலையில் கொப்பிதான் பல வீட்டில் அடுப்பை எரிய வைத்தது. ஊரடங்கை இடையில் தளர்த்தின சில மணித்தியாலங்களில் டவுனுக்குப் போய்க் கியூவில் நின்று சாமான் எடுத்து வர எல்லாராலும் முடியாது. பஸ்ஸும் இல்லை. பிறகு அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து இன்னாருக்கு இன்ன நாள்னு பிரிச்சாங்க. அப்போ தோட்டத்து எல்லையில் இருந்த சின்னக் கடைக்காரர்கள்தான், ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, பின் கதவு வழியா சாமான் கொடுத்தாங்க. காசு கேட்கல. 5,000 ரூபா கொடுப்பனவு வந்ததும் தாங்கன்னாங்க. சில வீடுகளுக்கு அந்த 5,000 வரவேயில்லை, அது வேற கதை. அந்த மாசங்களில் ஒரு கொப்பி முடிஞ்சு இரண்டாவது கொப்பி போட்ட வீடுகளை எனக்குத் தெரியும். எங்க வீடும் ஒன்று.

கொப்பியை மூடினது அதுக்குப் பிறகு வந்தது. 2021 முழுக்க திறக்கிறதும் பூட்டுறதுமா போச்சு. மே மாசம் பயணக் கட்டுப்பாடு, ஓகஸ்ட் 20இலிருந்து ஒக்டோபர் 1 வரைக்கும் மறுபடி ஊரடங்கு. அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள டொலர் இல்லாமல் போச்சு. பால்மாவை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 400 கிராம் பக்கெட் 2021 ஒக்டோபருக்கு முதல் 380 ரூபா. ஒக்டோபரில் 480. வருசம் முடியும்போது 540. 2022 மார்ச்சில் 790. இப்போ நீங்க முதலாளி இடத்தில் நின்று யோசிங்க. பெப்ரவரியில் 540 ரூபாவுக்கு ஒரு பக்கெட்டைக் கொப்பியில் எழுதுறீங்க. சம்பளம் வந்து அந்த 540 உங்க கைக்கு வரும்போது அடுத்த பக்கெட்டின் விலை 790. ஒரு பக்கெட் விற்றால் ஒரு பக்கெட் வாங்க முடியாது. விற்க விற்க கடை காலியாகும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றல, விலை ஓடுற வேகத்துக்குக் கொப்பியால ஓட முடியல, அவ்வளவுதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் கணக்குப்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவை மட்டும் எடுத்தால் 94.9 வீதம். அந்த மாதிரி ஒரு வருசத்தில் கடன் கொடுக்கிறது தர்மம் பண்ற மாதிரி.

முதலாளிமாருக்கும் மேலே ஆட்கள் இருக்காங்க. டவுனில் இருக்கிற மொத்த வியாபாரிகள் முன்பு சின்னக் கடைகளுக்கு ஒரு மாசம், ஒன்றரை மாசம் தவணை கொடுப்பாங்க. திகதி போட்ட செக் ஒன்றை வாங்கி வைப்பாங்க. விலை தினமும் ஏறத் தொடங்கினதும் மொத்தக் கடையில் "கேஷ் இருந்தா ஏத்துங்க, இல்லாட்டி நாளைக்கு வாங்க, விலை மட்டும் கேட்காதீங்க"ன்னு சொல்லத் தொடங்கினாங்க. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டினது. வங்கியில் ஓவர்ட்ராஃப்ட் வைத்து வியாபாரம் செய்தவங்க கதி என்னவாகும்? மேலே கடன் நின்றது, நடுவில் கடன் நின்றது, கடைசியில் எங்க அம்மாயிக்கும் கடன் நின்றது.

அந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம். கடைக்காரர் முஸ்லிம், எங்க அம்மா காலத்திலிருந்தே பழக்கம். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இனி கைக்காசுதான். எனக்கும் தாறாங்க இல்ல"ன்னார். அம்மாயி ஒண்ணும் பேசல. பையில் எடுத்து வைத்த பருப்பைத் திருப்பிக் கொடுத்துட்டு, இருந்த காசுக்கு மாவும் உப்பும் மட்டும் வாங்கினாங்க. "முதலாளி என்னா செய்வாரு பாவம்"ன்னுதான் வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தாங்க. எனக்குத்தான் கோபம். யார் மேலேன்னு அப்போ தெரியல.

இப்போ தெரியும். தோட்டத்தில் இந்த மாசம் முதலாம் தேதி பறிச்ச கொழுந்துக்குக் கூலி அடுத்த மாசம் பத்தாம் தேதிதான் கைக்கு வரும். கணக்குப் போட்டா நாற்பது நாள். நாற்பது நாளைக்குத் தொழிலாளி தோட்டத்துக்குக் கடன் கொடுக்கிறார், வட்டியில்லாமல். நடுவில் அட்வான்ஸ்னு கொஞ்சம் கிடைக்கும், அது தனக்குச் சேர வேண்டிய காசில் ஒரு துண்டை முன்கூட்டி வாங்கிறது, அதுக்கும் "கொடுத்தோம்"னு ஒரு பேச்சு. அந்த நாற்பது நாள் வயிற்றுப்பாட்டைத் தாங்கினது கடைக்காரரின் கொப்பி. அதைத் தாங்கினது மொத்த வியாபாரியின் தவணை. இது ஒரு சங்கிலி. கொரோனாவும் டொலர் நெருக்கடியும் வந்து இதில் இரண்டு வளையத்தை அறுத்தது. மொத்த வியாபாரி கைக்காசுக்கு மாறினார், கடைக்காரர் கைக்காசுக்கு மாறினார். தோட்டம் மட்டும் மாறல. அது இன்னும் நாற்பது நாள் கடனுக்குத்தான் வேலை வாங்குது. எல்லாரும் ரொக்கத்துக்கு மாறின ஒரு டவுனில் கடனுக்கு உழைக்கிற ஒரே ஆள் தொழிலாளி. டவுன் செத்துப் போச்சுன்னு எங்க ஆட்கள் சொல்றது இதைத்தான்னு நான் நினைக்கிறேன்.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாச்சு, வர்த்தமானியும் வந்தது, பட்டாசும் கொளுத்தினாங்க. எத்தனை வருசப் போராட்டம் அது! ஒரே வருசத்தில் அந்த 1,000 ரூபாவுக்கு பால்மாவில் கணக்குப் பார்த்தால் இரண்டரை பக்கெட்டிலிருந்து ஒன்றேகாலுக்கு வந்து நின்றது. கூலி எவ்வளவுன்னு பேசுற அளவுக்குக் கூலி எப்போ வருதுன்னு யாரும் பேசுறதில்லை. தொழிற்சங்கங்களும் பேசுறதில்லை.

இந்த இடத்தில் ஒரு நண்பன் என்னை மடக்கினான். "கொப்பியை என்ன தெய்வம் மாதிரி பேசுற? அது ஒரு பொறிதானே"ன்னான். அவன் சொல்றதிலும் நியாயம் இருக்கு. கொப்பியில் என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கத் தெரியாத ஆட்களுக்கு, எழுதினதுதான் கணக்கு. கடனுக்கு வாங்கினா அஞ்சு ரூபா கூட. கடன் இருக்கிற வரைக்கும் வேற கடைக்குப் போக முடியாது. மலையக வரலாறு படிச்சவங்களுக்கு இது பழைய கதை. அந்தக் காலத்தில் கங்காணியிடம் வாங்கின முற்பணம் "துண்டு"ன்னு ஒரு சீட்டில் ஏறும். அந்தத் துண்டில் இருக்கிற கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஒரு ஆள் தோட்டம் மாற முடியும். ஆளோடு ஆளாகக் கடனும் கைமாறும். 1921ல் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழிச்சாங்க. அதனால் கொப்பி போனதுக்கு அழுறது என் நோக்கம் இல்லை. கொப்பிக்குப் பதிலா என்ன வந்ததுன்னு பார்க்கச் சொல்றேன்.

என்ன வந்தது? டவுனுக்குள்ள நடந்து போர்டுகளை வாசிச்சுப் பாருங்க. தங்க நகை அடகு, தங்கக் கடன், உடனடிப் பணம். நான் ஓ/எல் எழுதின 2021லும் அடகுக் கடை இருந்ததுதான், ஆனா இப்போ இருக்கிற அளவு இல்லை. தோடு, சங்கிலி, கடைசியா தாலிக்கொடி. அதுக்கு அடுத்தது நுண்கடன். வாரா வாரம் வந்து வசூலிக்கிற கடன். சம்பளம் மாசத்துக்கு ஒரு தடவை, தவணை வாரத்துக்கு ஒரு தடவை. இந்த இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுக்கிறதுதான் வழி. பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குரக்கொடையில் 2021ல் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் வீதியோரத்தில் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தாங்க. சிங்களக் கிராமத்துப் பெண்களின் பிரச்சினையும் எங்க லயத்துப் பெண்களின் பிரச்சினையும் ஒன்று என்று எனக்குப் புரிய வைத்தது அந்தப் போராட்டம்தான். மூன்றாவது, போனில் ஆப் மூலம் எடுக்கிற கடன். ஒரு நாள் தவணை தவறினால் உங்க போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் கோல் போகும். கடை முதலாளி கடனைக் கேட்கும்போது அடுத்த ஆள் காதில் விழாமல் கேட்பார். இது ஊருக்கே அறிவிச்சுக் கேட்குது.

கொப்பிக்காரருக்கு எங்க வீட்டு நிலைமை தெரியும். மழை பெய்தால் பேர் விழாதுன்னு தெரியும், அம்மாயிக்கு சுகமில்லைன்னு தெரியும், அதுக்கேத்த மாதிரி தவணை தருவார். ஆப்புக்கு மழை தெரியாது.

சரி, இதையே பேசிக்கிட்டிருந்தா நான் ஏதோ பழசுக்கு ஏங்குற ஆள் மாதிரி ஆகிடும். நல்லா மாறினதும் இருக்கு. எனக்கு மிகவும் பிடிச்ச மாற்றம் கொமியூனிகேஷன் கடைகள். ஒரு காலத்தில் வெளிநாட்டுக்கு கோல் எடுக்கப் போன இடம். பிறகு ரீலோட் போடுற, போட்டோ கொப்பி அடிக்கிற இடம். ஸ்கூல் பூட்டியிருந்தப்போ டீச்சர்மார் வட்ஸ்அப்பில் அனுப்புற டியூட் எல்லாம் அங்கேதான் பிரிண்ட் அடிச்சோம். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அதுவும் சித்தப்பா வேலையால வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். பக்கத்துக்குப் பத்து ரூபா கொடுத்து அடிச்ச அந்தப் பேப்பர்கள் இல்லாட்டி எங்க பெட்ச்சில் பாதிப்பேர் ஓ/எல் எழுதியிருக்க மாட்டாங்க. 2022ல் எரிபொருளுக்கு கியூஆர் வந்ததும் ஆட்டோக்காரர் எல்லாம் அந்தக் கடைக்குத்தான் ஓடினாங்க. அஸ்வெசும விண்ணப்பம், மேன்முறையீடு, பாஸ்போர்ட் பதிவு, பரீட்சை முடிவு எல்லாம் இப்போ அங்கேதான். பிரதேச செயலகத்தில் சிங்களத்தில் மட்டும் பேசுற உத்தியோகத்தர் முன்னால் தடுமாறுற ஒரு அம்மா, கொமியூனிகேஷன் பெடியன்கிட்ட தமிழில் தன் கதையைச் சொல்லி ஐந்து நிமிசத்தில் வேலையை முடிச்சுட்டுப் போறாங்க. அரசாங்கம் செய்ய வேண்டிய தமிழ்ச் சேவையை ஒரு சின்னக் கடை செய்யுது. காசு வாங்கிக்கிட்டுத்தான், இருந்தாலும் செய்யுது.

இதிலும் ஒரு பயம் இருக்கு. அந்த அம்மா தன் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு நம்பர், வந்த ஓடிபி எல்லாத்தையும் அந்தப் பெடியன் கையில் கொடுத்துட்டுத்தான் போறாங்க. அவன் நல்லவனா இருக்கிறவரை பிரச்சினையில்லை. அரசாங்கம் எல்லாத்தையும் ஒன்லைன் ஆக்கிறோம்னு பெருமை பேசுது, ஆனா அந்த ஒன்லைன் கடைசியில் ஒரு பத்தடிக் கடையில் இருபது வயசுப் பெடியனின் நேர்மையை நம்பித்தான் நிக்குது.

ஒன்லைன்னதும் இன்னொன்று. கொழும்புப் பத்திரிகைகளில் கொரோனாவுக்குப் பிறகு மக்கள் ஒன்லைன் ஷொப்பிங்குக்கு மாறிட்டாங்க, அதனால் கடைகள் படுத்துடுச்சுன்னு எழுதுறாங்க. மாத்தளை டவுனுக்கு அது கொஞ்சம் பொருந்தும். எல்கடுவைக்கோ ரத்தோட்டை மேலேயோ அது பொருந்தாது. காரணம் சிம்பிள்: லயத்துக்கு முகவரி இல்லை. பல தோட்டங்களில் இன்னும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஒபிஸுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலோ ஏறி, சில நேரம் நேர்முகப் பரீட்சை முடிஞ்ச பிறகு வந்து சேரும். அப்படிப்பட்ட இடத்துக்கு கூரியர்காரர் எப்படி வருவார்? கோல் எடுத்து, "தங்கச்சி, மேலே ஏற மாட்டேன், ஜங்ஷன் கடையில் வச்சிட்டுப் போறேன், காசை அங்க கொடுங்க"ன்னுவார். இப்போ எங்க பக்கத்துப் பிள்ளைகள் பேஸ்புக் லைவில் சட்டை ஓர்டர் பண்ணும்போது முகவரி இடத்தில் கடைப் பெயரைத்தான் போடுறாங்க. இருநூறு வருசம் இருந்தும் முகவரி கிடைக்காத சனத்துக்கு ஒரு பெட்டிக்கடை முகவரியா இருக்கு. 2023ல் மலையகம் 200க்காக தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தவங்க ஓகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையில்தான் வந்து முடிச்சாங்க. அன்றைக்கு டவுன் முழுக்க சனம். அந்த ஊர்வலத்தில் கேட்ட உரிமைகளுக்குள்ள காணியும் வீடும் இருந்தது. ஒரு பார்சல் வந்து சேர்றதுக்கும் அதுதான் வேண்டியிருக்கு.

தெருவில் வந்து விற்கிற வியாபாரத்தையும் சொல்லணும். ஊரடங்கு காலத்தில் பாஸ் எடுத்த பட்டா லொறிகள் மரக்கறி, முட்டை, கருவாடு ஏத்திக்கிட்டு லயத்து வாசலுக்கே வந்தது. பீத்தோவனின் இசையைப் போட்டுக்கிட்டு வருகிற சூன் பாண் ஆட்டோவும் அப்படித்தான். கொழும்புக் கடைகளில் வேலை செய்து ஊரடங்கில் திரும்பி வந்த எங்க பெடியன்கள் சிலர் அப்போதான் சொந்தமா லொறி வியாபாரம் தொடங்கினாங்க. யாரோ ஒருத்தரின் கடையில் சாமான் தூக்கினவங்க தன் பெயரில் விற்கத் தொடங்கினது சின்ன விசயமில்லை. பெற்றோல் 2022 ஜூனில் லீட்டர் 470 ரூபா வரைக்கும் போனப்போ பாதிப்பேர் விட்டுட்டாங்க. மீதிப்பேர் இன்னும் ஓடுறாங்க.

மாத்தளைன்னா வாசனைத் திரவியம். அதைப் பேசாமல் விட்டா ஊர்க்காரங்க சும்மா விட மாட்டாங்க. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ எல்லாம் வாங்கி விற்கிற கடைகள்தான் இந்த டவுனின் முதுகெலும்பு. ஏ9 வீதியோரத்து வாசனைத் தோட்டங்கள் வெளிநாட்டுப் பயணிகளை நம்பி இருந்தவை. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் அடிபட்டு, எழும்புறதுக்குள்ள 2020 மார்ச்சில் விமான நிலையமும் பூட்டினதும் அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவங்க நடுத்தெருவில் நின்றாங்க. அதே நேரத்தில் டவுன் கடைகளில் மஞ்சளுக்கு அடிபிடி. 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினாங்க. அதுக்குப் பிறகு கொரோனா வந்ததும் எல்லா வீட்டு வாசலிலும் மஞ்சள் தண்ணி. சில நூறு ரூபாவுக்கு விற்ற மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறினது. அரிசி மா கலந்த மஞ்சளும் வந்தது. அந்த வருசம் மஞ்சள் நட்டவங்க சம்பாதிச்சாங்க. எங்க வீட்டில் ஒரு வருசம் மஞ்சள் இல்லாத குழம்பு. வெள்ளைக் குழம்புன்னு தம்பி பெயர் வைத்தான்.

கடைக்குள்ள வேலை செய்றவங்களை யாரும் கணக்கில் எடுக்கிறதில்லை. புடைவைக் கடைகளில் நிற்கிற பிள்ளைகளில் நிறையப்பேர் தோட்டத்திலிருந்து வாறவங்க. கொரோனாவில் ஆட்களைக் குறைச்ச கடைகள் நிலைமை சரியான பிறகும் அதே ஆட்களோடுதான் ஓடுது. முன்பு மூன்று பேர் செய்த வேலையை இப்போ இரண்டு பேர். ஒருத்தி துணியையும் காட்டணும், கடையின் பேஸ்புக் லைவிலும் நின்று பேசணும். லைவுக்குத் தனிச் சம்பளம் இல்லை. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010ல் வந்த படம். சென்னை ரங்கநாதன் தெருவைப் பார்த்து அழுத நாங்க, நம்ம டவுனில் நாள் முழுக்க நின்னுக்கிட்டிருக்கிற பிள்ளையின் காலைப் பார்க்கிறதில்லை. தமிழ்நாட்டில் 2021ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கணும்னு சட்டத் திருத்தமே கொண்டு வந்தாங்க. இங்கே அந்தப் பேச்சைக்கூட யாரும் எடுக்கக் காணோம்.

டவுனை ரொம்பப் புகழவும் எனக்குப் பயம். இந்த வீதிக்கு வேற ஞாபகங்களும் இருக்கு. 1983 ஜூலையில் இங்கே தமிழ்க் கடைகள் எரிஞ்சது. முத்துமாரியம்மன் கோயில் தேர்களும் எரிஞ்சது. அதே 1983லதான் கார்கில்ஸ் கொழும்பு ஸ்டேபிள்ஸ் ஸ்ட்ரீட்டில் முதலாவது ஃபூட் சிட்டியைத் திறந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனா ஒரே வருசத்தில் இந்த நாட்டுக் கடைகளுக்கு என்னென்ன நடந்திருக்குன்னு யோசிக்க வைக்குது. 2019க்குப் பிறகு முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிப் போன பேச்சுகள், கொரோனா வந்ததும் "அவங்கதான் பரப்புறாங்க"ன்னு மாறினது. தகனமா அடக்கமான்னு ஒரு சமூகமே கண்ணீர்விட்டு நின்ற அந்த மாசங்களிலும், எங்க கடை முதலாளி எங்களுக்குக் கொப்பி எழுதினார். மூன்று மொழிக்காரரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிற இடம் எங்க ஊரில் கடை மட்டும்தான். ஸ்கூல் தனித்தனி, கோயில் தனித்தனி. அதனால் சுப்பர் மார்க்கெட்டில் தட்டிலிருந்து நாமே எடுத்து, பேசாமல் காசு கட்டி வெளியே வாறப்போ, விலையைத் தவிர வேற ஒன்றையும் இழக்கிறோம்னு எனக்குத் தோணும். இன்னொரு பக்கம், எங்க அக்காமாருக்கு அங்கேதான் பிடிக்கும். விலை ஒட்டியிருக்கும், யாரும் "என்ன வேணும், காசு இருக்கா"ன்னு பார்க்க மாட்டாங்களாம். அவங்க சொல்றதும் சரிதான். சில கடைகளில் எங்களைப் பார்க்கிற பார்வை எங்களுக்குத் தெரியும்.

ஆனா சுப்பர் மார்க்கெட்டில் நூறு ரூபாவுக்கு சீனி கேட்க முடியாது. பாதித் தேங்காய் கேட்க முடியாது.

நான் என்ன கேட்கிறேன்? கொப்பியைத் திரும்பக் கொண்டு வாங்கன்னு கேட்கல, அது வராது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாகின பிறகு சின்னக் கடைகளுக்கு இருந்த கொஞ்ச இடைவெளியும் போயிட்டு. அவங்க தலையில் இனியும் எங்க சம்பளக் கால தாமதத்தைக் கட்டுறது நியாயமில்லை. தோட்டச் சம்பளத்தை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கொடுங்கன்னு கேட்கிறேன். நாட்கூலியை நாட்கூலின்னு சொல்லிட்டு நாற்பது நாள் கழிச்சுக் கொடுக்கிறதுக்குப் பெயர் என்ன? ஒருகாலத்தில் பேரேட்டில் கையால் எழுதிக் கணக்குப் பார்த்தாங்க, அதனால் மாசக் கடைசி வரை இழுத்தது. இப்போ கொழுந்து நிறுக்கிற தராசே டிஜிட்டல். மாசத்துக்கு இரண்டு தடவை கணக்கு முடிக்க முடியாதுன்னு சொன்னா நம்புற மாதிரி இல்லை.

இரண்டாவது, தோட்டங்களில் பெயருக்கு இருக்கிற கூட்டுறவுச் சங்கங்கள். எல்லாரிடமும் சந்தா பிடிக்கிறாங்க. அங்கே ஒரு சின்ன அவசரக் கடன், ஆயிரம் இரண்டாயிரம், சம்பளத்தில் கழிக்கிற மாதிரி கொடுத்தால் அடகுக் கடைக்குப் போற பாதிப்பேர் போக மாட்டாங்க. கூட்டத்துக்கு யார் போறாங்க, கணக்கை யார் பார்க்கிறாங்க? பெரும்பாலும் நம்ம வீட்டுப் பெரியவங்க கையெழுத்து மட்டும் வைக்கிறாங்க. கெம்பஸ் வரைக்கும் வந்த நாங்க அந்தக் கணக்குப் புத்தகத்தை ஒரு தடவையாவது வாங்கி வாசிச்சிருக்கோமா? லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ கேட்டுப் பாருங்க. சந்தா பிடிக்கிற சீட்டு அம்மாவின் சம்பளத் துண்டிலேயே இருக்கும், எந்த வரின்னு பார்த்துட்டுப் போங்க.